கவரை வாங்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்

தேர்தல் தேதி அறிவிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அதற்குள் பட்டியல் தயாராகிவிடும். உங்கள் தெருவில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை ஓட்டு, அதில் எது நம்ம ஓட்டு, எது அவங்க ஓட்டு, எது காசுக்கு அசைகிற ஓட்டு என்று யாரோ ஒருவர் பேனாவால் குறித்து முடித்திருப்பார். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தெரு அடங்கிய நேரத்தில், தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து நிற்கும். "ஏனுங்க, உங்க ஊட்டுல நாலு ஓட்டுத்தானுங்களே?" நாலு கவர் கைமாறும். பட்டியலில் ஒரு டிக். அடுத்த வீடு. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அடுத்த ஐந்து வருடத்துக்கு உங்கள் வாயை அந்த ஒரு நிமிடம் அடைத்துவிடும்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் இருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, முதல் ஓட்டுப் போடப்போகிற தம்பி தங்கைகளே, அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று இன்றைக்கே முடிவெடுங்கள். அந்த ராத்திரியில் யோசிக்க நேரம் இருக்காது.

நம் கையில் இருக்கிற ஓட்டு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணத்தில் தேர்தல் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. நிலம் வைத்திருப்பவர், வரி கட்டுபவர், படித்தவர் என்று ஒரு வேலி இருந்தது. பண்ணையத்தில் கூலிக்கு நின்றவருக்கும் மில்லில் ஷிப்டுக்குப் போனவருக்கும் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியில்தான் இடம். 1950 ஜனவரி 26 அன்று அந்த வேலியை ஒரே நாளில் பிடுங்கி எறிந்தார்கள். அமெரிக்கக் குடியரசு 1789ல் முதல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, பெரும்பாலான மாநிலங்களில் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பெண்களும் கறுப்பின மக்களும் உரிமையோடு வாக்குச்சாவடிக்குப் போக அந்த நாட்டில் நூறு வருடத்துக்கும் மேல் ஆனது. நம் நாட்டில் மில் முதலாளிக்கும் அவர் மில்லைப் பெருக்குகிறவருக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஓட்டு கிடைத்தது.

அதை எழுதிக் கொடுத்த அரசியல் நிர்ணய சபையில் நம் மண்ணின் மனிதர்கள் இருந்தார்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், கூட்டுறவு இயக்கத்தை இங்கே வளர்த்த கோவை டி.ஏ. ராமலிங்கம் செட்டியார், குமாரமங்கலம் ஜமீன் பி. சுப்பராயன், திருச்செங்கோட்டு டி.எம். காளியண்ண கவுண்டர் எல்லாரும் அந்தச் சபையில் அமர்ந்தவர்கள். காளியண்ண கவுண்டர் நூறு வயது கண்டு 2021 மே மாதம்தான் மறைந்தார். அரசியல் சாசனம் எழுதிய தலைமுறை அவ்வளவு தூரத்தில் இல்லை. நேற்றுவரை திருச்செங்கோட்டில் இருந்தது.

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாட்டில் சுமார் 17 கோடி வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்தார்கள். வாக்குச்சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கூத்து தேறாது என்று சொன்னவர்கள் வெளிநாட்டிலும் இருந்தார்கள், உள்நாட்டிலும் இருந்தார்கள். கைநாட்டு வைத்த நம் பாட்டனும் பாட்டியும் அவர்கள் வாயை அடைத்தார்கள்.

எப்படிப்பட்டவர்களை அவர்கள் அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். 1954ல் முதலமைச்சர் பதவிக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் கட்சிக்குள் போட்டியிட்டார்கள். சுப்பிரமணியம் தோற்றார். வென்ற காமராசர், தோற்றவரையும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடங்கள் பெருகிய அந்த வருடங்களில் கல்வி இலாகா சுப்பிரமணியத்திடம் இருந்தது. அதற்கு முன்பே, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ல் வாசித்த கோவைக்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் 1948ல் பொறுப்பேற்றுப் பதவியை விட்டு இறங்கினார். அவர்களெல்லாம் குறையே இல்லாத மனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது என்கிறேன். அந்தப் பயத்தைக் கொடுத்தது, விலை பேச முடியாத ஓட்டு.

கோவை நாடாளுமன்றத் தொகுதி 1957ல் கம்யூனிஸ்டான பார்வதி கிருஷ்ணனை டெல்லிக்கு அனுப்பியது. மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குப் படுத்த ஊர் அது. முதலாளிகளுக்குப் பணத்துக்கா பஞ்சம்? 1962ல் அதே ஊர் காங்கிரசுக்குப் போட்டது. 1967ல் மார்க்சிஸ்டுக்குப் போட்டது. அதே 1967ல், நாட்டின் உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி திறந்த சி. சுப்பிரமணியத்தையே கோபிச்செட்டிபாளையம் தோற்கடித்தது. அந்தத் தீர்ப்புகள் சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் அவை மக்கள் தாங்களே யோசித்துச் சொன்ன தீர்ப்புகள். இவன் நம்ம கையில் இருக்கிறான் என்று யாரும் நம்மை எண்ணிவிட முடியாத காலம் அது.

இதே சோதனை அமெரிக்காவுக்கும் வந்தது. 1758ல் வர்ஜீனியா மாகாண சபைக்கு நின்ற ஜார்ஜ் வாஷிங்டனுக்காக, அவருடைய ஆட்கள் வாக்காளர்களுக்கு ஊற்றிய ரம்மும் ஒயினும் பீரும் சுமார் 160 கேலன், அதாவது 600 லிட்டர். அவருக்கு விழுந்தது முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்வழக்கம் அப்படி. 1777ல் அதே வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் என்ற இளைஞர், சாராயம் ஊற்றி ஓட்டு வாங்குவது குடியரசுக்கு அழகில்லை என்று மறுத்தார். சாராயக் கடை வைத்திருந்த ஒருவரிடம் தோற்றார். மனிதர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1787ல் அமெரிக்க அரசியல் சாசனத்தை வடித்ததில் முதல் மூளை அவருடையது. 1789ல் மறுபடியும் மக்களிடம் வந்து, குடிமக்களின் உரிமைகளைச் சாசனத்தில் எழுதிச் சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார். பேச்சுரிமையும் மத உரிமையும் அடங்கிய பத்துத் திருத்தங்கள் 1791ல் நிறைவேறின. அந்த மேடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அந்தக் குடியரசின் கறை அது. ஆனாலும் இதைக் கவனியுங்கள்: சாராயத்தைக் குடித்தவர்களுக்கு அந்த வாரமே போதை தெளிந்துவிட்டது, மறுத்தவர் கொடுத்த உரிமை இன்றுவரை நிற்கிறது.

நம் கதை எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில். 2016 மே மாதம் தமிழ்நாடு முழுக்கச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் மட்டும் நடக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணம் இறைக்கப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் கண்டு, தேதியைத் தள்ளி, மறுபடியும் தள்ளி, கடைசியில் அறிவிப்பையே ரத்து செய்தது. நவம்பரில்தான் அங்கே தேர்தல் நடந்தது. கலவரத்துக்காகவும் வேட்பாளர் இறந்ததற்காகவும் தேர்தல் நின்றது உண்டு. சட்டமன்றத் தேர்தல் பணத்துக்காக ரத்தானது இந்திய நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெயர் நம் கொங்கு மண்ணுக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர்களைத் திட்டினோம். வாங்கிய கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நம்ம வரிப்பணத்தைத்தானே தர்றான், வாங்கினா என்ன தப்பு?" என்கிறீர்கள். சரி, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊர் நம்முடையது, கணக்கே பார்ப்போம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வையுங்கள். பாதிப் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் கொடுத்தாலே பன்னிரண்டரைக் கோடி. ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 லட்சம். எம்.எல்.ஏ. சம்பளமும் படியும் மாதம் 1,05,000 ரூபாய் என்றால், ஐந்து வருடத்துக்கு 63 லட்சம். மீதியை எந்தக் கணக்கில் எடுப்பார்? டெண்டரில் எடுப்பார், தாரில் எடுப்பார், குளத்து மண்ணில் எடுப்பார், பத்திரப் பதிவிலும் பட்டா மாறுதலிலும் எடுப்பார். உங்கள் வரிப்பணத்தை அவர் திருப்பித் தரவில்லை. இனிமேல் எடுக்கப்போகிற பணத்துக்கு உங்களிடம் அட்வான்சாக ரசீது வாங்கிக்கொள்கிறார்.

"வாங்கிக்குவேனுங்க, ஆனா மனசாட்சிப்படிதான் போடுவேன்" என்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்ய முடிந்தால் அவர்கள் ஏன் இத்தனை கோடி கொட்டப்போகிறார்கள்? நம்மை அவர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். கை நீட்டி வாங்கிவிட்டால் ஏமாற்றக் கூடாது என்பது நம் வளர்ப்பு. கற்பூரத்தின் மேலும் குலதெய்வத்தின் மேலும் சத்தியம் கேட்பது அதனால்தான். நம்மிடம் இருக்கும் நல்ல குணம் ஒன்றை, கெட்ட வியாபாரத்துக்கு ஜாமீனாக எழுதி வாங்குகிறார்கள். ஏற்கெனவே வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டேனே என்று தவிப்பவருக்கு ஒரு வார்த்தை: சட்டத்துக்கு விரோதமான பேரத்துக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. எந்த அம்மனும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டாலும், திரைக்குப் பின்னால் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று எவனுக்கும் தெரியாது.

"ஊரே வாங்குது, நான் ஒருத்தன் விட்டு என்ன ஆகப்போகுது?" என்பது அடுத்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை விற்றுக் காசை எண்ணி வாங்கிய பிறகு, அந்த மூட்டையை என்ன செய்தாய் என்று வியாபாரியைக் கேட்க முடியுமா? ஓட்டும் அப்படித்தான். ஊர் விற்றுவிட்டால் ஊருக்குக் கேள்வி இல்லை. நீங்கள் ஒருவர் விற்காவிட்டால், கேட்பதற்கு ஒரு ஆளாவது மிஞ்சுவார். சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலரைக் கூப்பிட, ரேஷன் எடை குறைந்தால் குரல் உயர்த்த, அந்த ஒரு ஆள் வேண்டும்.

ஏழைகளைக் குத்திக் காட்ட நான் வரவில்லை. வார வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது இரண்டாயிரம் ரூபாய் என்பது பெரிய பணம். ஆனால் அந்தப் பணத்தால் அதிகம் இழப்பவரும் ஏழைதான். பணக்காரருக்குத் தனியார் ஆஸ்பத்திரி, தனியார் பள்ளிக்கூடம், வீட்டுக்குள் ஆழ்துளைக் கிணறு எல்லாம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியும் அரசுப் பள்ளியும் தெருக்குழாயும் கெட்டுப்போனால் உங்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே சொத்தை மிகக் குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள்.

நம் பெரியவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள். 1970ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு பின்னால் மாட்டு வண்டிகள் கோவைக்குள் வந்து சாலையை நிறைத்தன. 1996ல் மொடக்குறிச்சித் தொகுதியில், கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டமாகப் போய் மனு தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டே புத்தகமாகிப் போனது, தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நாடாளுமன்றம் டெபாசிட் தொகையை உயர்த்தியதற்கு அந்தத் தேர்தலும் ஒரு காரணம். அந்த வழி சரியா என்பது வேறு. ஓட்டும் வேட்புமனுவும் பேசுகிற வாய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு அது மறந்துபோனதற்கு ஒரே ஒரு சாட்சி சொல்கிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கியது. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. கோவை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை இல்லை. சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஆர்.எஸ். புரம் என்று தினமும் சொல்கிற ஊரில், ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2025 ஜனவரியில் கோவை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. நாம் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. ஓட்டு என்பது கவர் வரும் சீசன் என்று ஆகிவிட்ட மனதுக்கு, தேர்தலே நடக்காதபோது உரிமை போனதாகத் தோன்றவில்லை. இந்த வருஷம் சீசன் இல்லை என்றுதான் தோன்றியது. விற்றுப் பழகிய பொருளைத் திருடிக்கொண்டு போனாலும் கோபம் வருவதில்லை. இந்த நோய் இன்னும் முற்றினால், தேர்தல் என்ற ஒன்று வேண்டாம் என்று ஒருவன் சொல்லும் நாளிலும் நாம் கவலைப்பட மாட்டோம்.

கொடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். கட்சிக்காரத் தம்பி, நீ இருபது வருடம் கொடி பிடித்தவன். போஸ்டர் ஒட்டியவன். கடைசியில் உன்னை கவர் பட்டுவாடா பண்ணும் ஆளாக்கிவிட்டார்கள். பணம் ஒன்றே தகுதி என்று ஆனபிறகு உனக்கு என்றைக்கு சீட் கிடைக்கும்? தொழிலதிபர்களே, எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து வைத்தால் தொழில் நிம்மதியாக ஓடும் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பணம்தான் கவராகித் தெருவுக்கு வருகிறது. மகளிர் குழுத் தலைவியரே, குழுக் கடனுக்காக உங்களை நம்பித் தன் பெயரையும் ஆதார் எண்ணையும் கொடுத்த பெண்களின் பட்டியலை எந்தக் கட்சிக்கும் கொடுக்காதீர்கள். முதல் தேர்தலின்போது வட மாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொல்லித் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்ததால், தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களைப் பட்டியலில் சேர்க்க மறுத்தார். பெண்ணுக்குத் தன் பெயரில், தனக்கென்று ஓட்டு என்பதில் அவ்வளவு கண்டிப்பு. இன்றைக்கு அந்தப் பெயரை வைத்து வீட்டுக்காரர் கவர் வாங்கிக்கொள்கிறார்.

அடுக்குமாடியில் இருந்துகொண்டு, "நாங்க காசு வாங்கறதில்லைங்க" என்று பெருமை பேசி, வாக்குப்பதிவு நாளில் ஊட்டிக்குக் கார் எடுக்கிறவர்களே, உங்கள் கையும் சுத்தமில்லை. நீங்கள் போடாத ஒவ்வொரு ஓட்டும், விலைக்கு வாங்கிய ஓட்டின் பலத்தை ஏற்றுகிறது.

சரி, என்ன செய்வது? இந்த வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்காரும்போது வீட்டில் பேசி முடிவெடுங்கள்: நம் வீட்டில் எத்தனை ஓட்டோ, அத்தனையும் விலைக்கு இல்லை. குழந்தைகள் காதில் விழும்படி பேசுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். ஒரு வீடு மறுத்தால் அது வீம்பாகத் தெரியும். ஒரு வீதி மறுத்தால் பட்டியலோடு வந்தவர் திரும்பிப் போவார். ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். ஊராட்சித் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கென்று ஏலம் விடும் பேச்சு வந்தால் எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள். சாமி பெயரில் விற்றாலும் விற்பனை விற்பனைதான்.

பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சம்ஹிதையின் 173ஆவது பிரிவுப்படி இரண்டு பேருக்கும் ஒரு வருடம் வரை சிறை உண்டு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அனுப்பலாம். உங்கள் பெயரைச் சொல்லாமலும் அனுப்பலாம். 1950 என்ற எண்ணைக் கூப்பிடலாம். யாரும் பிடிக்கவில்லையா? 2013 முதல் நோட்டா இருக்கிறது. காசு வாங்காமல் நோட்டா போட்டவருக்கும் நாளைக்குக் கேட்க வாய் இருக்கும்.

தேர்தல் முடிந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். போட்ட ரோட்டுக்கு எவ்வளவு, யாருக்கு டெண்டர், குளம் தூர்வாரிய கணக்கு என்ன என்று கேளுங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்து, 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத சாயத்தண்ணீர்த் தேக்கமாகிப்போனபோது, கீழ்ப்பாசன விவசாயிகள் நீதிமன்றப் படியேறித்தான் நியாயம் தேடினார்கள்; 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒவ்வொரு தேர்தலிலும் அவர்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. விலை கொடுக்காமல் வாங்கிய ஓட்டுக்குத்தான் பிரதிநிதி கடன்பட்டிருப்பார்.

எனவே அந்தத் தெரிந்த முகம் வாசலுக்கு வரும்போது சண்டை வேண்டாம், சத்தமும் வேண்டாம். மரியாதையாகவே சொல்லுங்கள்: "வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போங்க. உங்க ஆளு ஜெயிச்சாலும் தோத்தாலும் கிராம சபைக்கு வரச் சொல்லுங்க, கேக்கறதுக்கு நாலு விஷயம் இருக்குதுங்க." அந்த நாலு விஷயம் என்ன என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.